விடுமுறை எடுக்காத மருந்து

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் காரக்கோணம். பாறசாலைத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கும் மரவள்ளித் தோட்டங்களுக்கும் நடுவே இவ்வூர் உள்ளது. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மொழிவழியே வகுக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தது. திருமண உறவுகளோ கோட்டைக் கடந்தே நடந்தன. ஆகவே இப்பகுதியில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் மலையாளமும், பல வீடுகளில் இரண்டும் கலந்தும் ஒலிக்கும்.

இவ்வூர்களிலிருந்து டில்லிக்கும் மும்பைக்கும் பணியின் பொருட்டுச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்கு வருகின்றனர். மலையேறுதல், அருவியில் குளித்தல், கடற்கரையில் ஓடுதல் என அவர்களுடைய நாள்கள் கால் ஓயாமல் கழியும். அப்பிள்ளைகளுள் ஒருவருக்கு நாள்தோறும் நான்கு ஊசிகள் தேவைப்படும் நோய் இருந்தால் அந்த விடுமுறை எவ்வாறு அமையும்? அக்குழந்தையை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் மலையேற வேண்டுமா? வேண்டியதில்லை என்பதையும், அதற்குச் செய்ய வேண்டுவன எவை என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

1922ஆம் ஆண்டின் இரு செய்திகள்

காரக்கோணத்தில் 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி ஒன்று உள்ளது. அது டாக்டர் சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தியோடர் ஹோவர்டு சாமர்வெல் மருத்துவர் மட்டுமல்லர், பெரும் மலையேறி. 1922இல் எவரெஸ்டு சிகரத்தை அடைய முயன்ற குழுவில் அவரும் ஒருவர். அம்முயற்சி நிறைவேறவில்லை. திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க விரும்பிய அவர், திருவிதாங்கூரின் தென்பகுதியில் இருந்த நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே நீண்ட வரிசையில் காத்திருந்த நோயாளிகளைக் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த பதவியை விட்டுவிட்டு, நெய்யூரிலேயே பணியாற்ற முடிவு செய்தார். சுற்றிப் பார்க்க வந்தவர் தங்கிவிட்டார் எனலாம். 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, செயற்கை உயிர்வளி இன்றி ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறினார். இறங்கும்போது கடுங்குளிரால் தொண்டையின் உட்சவ்வு பிய்ந்து மூச்சை அடைத்தது. மார்பை இரு கைகளாலும் அழுத்தி அதை வெளியேற்றி உயிர் பிழைத்தார்.

அதே 1922இல் உலகின் மறுபுறத்தில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில், லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் சாகும் நிலையில் கிடந்தான். அவனுக்கு இருந்தது முதல் வகை நீரிழிவு. அந்நாளில் இந்நோய் கண்ட குழந்தைகள் பட்டினிக்கு நிகரான உணவோடு எலும்பும் தோலுமாகச் சில காலமே வாழ்ந்தனர். பிரெடரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்டு முதலியோர் விலங்குகளின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த சாறு ஜனவரி 11ஆம் நாள் அச்சிறுவனுக்கு ஊசியாகச் செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. சாற்றைத் தூய்மைப்படுத்தி ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். அவன் தேறினான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அந்த மருந்துதான் இன்சுலின்.

சாமர்வெல் அடைய முடியாத அச்சிகரத்தின் உச்சியில், 2006 மே 20ஆம் நாள், ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த கெரி விங்க்ளர் நின்றார். இன்சுலினைச் சார்ந்து வாழும் ஒருவர் எவரெஸ்டு உச்சியை அடைந்தது அதுவே முதல் முறை. அவர் இன்சுலினையும் சுமந்துகொண்டுதான் ஏறினார். குமரி மாவட்டத்துக் குன்றுகள் எவரெஸ்டு அல்ல. எனினும் ஆயத்தம் செய்யும் முறை இரண்டிற்கும் பொதுவானது.

நோயின் இயல்பு

முதல் வகை நீரிழிவு இனிப்பு உண்பதால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தவறாக இயங்கி, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுவதால் வருவது. பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகை நீரிழிவிலிருந்து இது வேறுபட்டது. இன்சுலின் இல்லையெனில் உணவிலுள்ள சர்க்கரை குருதியிலேயே தேங்கி நிற்கும். உடல் உறுப்புகளுக்குள் செல்லாது. ஆகவே வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தியாக வேண்டும். ஒரு நாள்கூட அதற்கு விடுமுறை கிடையாது.

இன்சுலின் குருதிச் சர்க்கரையைக் குறைக்கும். உடலுழைப்பும் குறைக்கும். உணவு கூட்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று ஈடு செய்யும்போது குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடியாடும். பள்ளி நாள்களில் உணவு, விளையாட்டு, உறக்கம் மூன்றிற்கும் நேரம் உண்டு, கணக்கு எளிது. விடுமுறையிலோ மூன்றும் ஒரே நாளில் மாறிவிடுகின்றன. நோய் கடுமையாவதில்லை, கணக்குதான் கடினமாகிறது.

குருதிச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது தாழ்சர்க்கரை நிலை. கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், காரணமின்றிக் கோபமோ அழுகையோ வரும். உடனே ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி, நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். அந்த அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். குழந்தை மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 எண்ணை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆம்புலன்சுக்கு அந்த எண் ஒன்றே. எல்லையில் உள்ள ஊர்களுக்கு இது ஒரு வசதி.

இரண்டு இரவுப் பயணம்

டில்லியிலிருந்து திருவனந்தபுரம் 3,000 கிலோமீட்டர் அளவு தொலைவில் உள்ளது. தொடர்வண்டியில் இரண்டு இரவுகள் கழியும். வண்டி தாமதமாகலாம், உணவு வர நேரமாகலாம். ஆகவே தேவைப்படும் இன்சுலினைப் போல் இரு மடங்கு எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வைக்க வேண்டும். ஒரு பை தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும். இன்சுலின் பை இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் போகக் கூடாது. கையோடு இருக்க வேண்டும். விமானத்தில் செல்வோரும் அதைச் சரக்கறைக்கு அனுப்பலாகாது. அங்கே உறைந்துவிடக் கூடும். உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது.

மருத்துவர் எழுதித் தந்த சீட்டு உடன் இருப்பது இன்றியமையாதது. இதற்கு ஒரு காரணம் பலரும் அறியாதது. இந்தியாவில் கண்ணாடிக் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு வலிமை உடையது. பேனா ஊசிகளில் உள்ளது 100 அலகு. இரண்டிற்கும் உரிய ஊசிக்குழல்கள் வேறு. 40 அலகுக்கு உரியது சிவப்பு மூடி கொண்டது; 100 அலகுக்கு உரியது ஆரஞ்சு மூடி கொண்டது. வெளியூரில் அவசரத்தில் குப்பி ஒன்றும் குழல் மற்றொன்றுமாக வாங்கிவிட்டால் மருந்தின் அளவு இரண்டரை மடங்கு கூடியோ குறைந்தோ போய்விடும். கூடினால் உயிருக்கு ஆபத்து. சீட்டில் மருந்தின் பெயரோடு அதன் வலிமையும் எழுதப்பட்டிருந்தால் இத்தவறு நேராது.

இனி, மருந்தைக் குளிர்ச்சியாக வைப்பது பற்றி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசு வெப்பத்தில், குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். திறந்ததைப் பொதுவாக நான்கு வாரம் வரை, 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் பயன்படுத்தலாம். ஊர்ப்புறத்து வீடுகளில் மின்சாரம் போய் வருவது உண்டு. அப்போது கைகொடுப்பது பழைய மண்பானை. ஒரு பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையே மணலை நிரப்பி நனைத்து, ஈரத்துணியால் மூடினால், நீர் ஆவியாகும்போது உட்பானை குளிரும். கென்யாவின் வடபகுதியில் உள்ள தாகஹாலி ஏதிலியர் முகாமில் இவ்வழக்கம் இருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் அங்கு நிலவும் வெப்பநிலையை ஆராய்ந்தன. 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலினும் தன் வலிமையை இழக்கவில்லை என்று 2021இல் வெளியிட்டன. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கென்யாவின் வறண்ட காற்றில் பானை நன்கு குளிரும். காரக்கோணத்தின் ஈரக்காற்றில், அதிலும் ஜூன் மாத மழையில், அவ்வளவு குளிராது. இங்கே பானை ஒரு துணைதான்.

பனிக்கட்டியின் மேல் மருந்தை நேராக வைப்பதும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்வதும் மண்பானையின் குறைபாட்டைவிட எவ்வளவோ கேடானவை. கெட்டுப்போன இன்சுலின் பல வேளைகளில் பார்வைக்கு நல்லது போலவே தோன்றும். சர்க்கரை ஏறிய பின்னர்தான் குற்றம் தெரியும்.

பாட்டி வீட்டு உணவு

தென் திருவிதாங்கூரின் உணவில் மரவள்ளிக்கிழங்குக்குத் தனி இடம் உண்டு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். வேகவைத்த கிழங்கும் காரமான மீன்குழம்பும் இன்றும் விருந்தினருக்கு வைக்கப்படும் உணவு. 100 கிராம் மரவள்ளியில் ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து உள்ளது. இது சோற்றைவிட மிகுதி. நீரிழிவுள்ள குழந்தை அதை உண்ணக் கூடாது என்பதன்று. எவ்வளவு உண்டது என்பது தெரிய வேண்டும், அவ்வளவே. இதற்கு எளிய வழி, வீட்டில் நாள்தோறும் பயன்படுத்தும் கிண்ணத்தையே பையில் எடுத்து வருவது. டில்லியில் ஒரு கிண்ணம் என்றால் காரக்கோணத்திலும் அதே ஒரு கிண்ணம்தான்.

கருப்பட்டி நல்லது, அது சர்க்கரை ஆகாது என்னும் நம்பிக்கை இப்பகுதியில் வலுவானது. பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரையே. பதநீருக்கும் மட்டிப்பழத்திற்கும் இது பொருந்தும்.

பாட்டிமார் இருவகையினர். "சின்னப் பிள்ளைக்கு இப்படி ஒரு நோயா!" என்று கலங்கி, சோற்றைக்கூட அளந்து வைப்போர் ஒருவகை. பெற்றோர் பாராத நேரத்தில் முறுக்கையும் அல்வாவையும் கையில் திணிப்போர் மற்றொரு வகை. இருவருக்கும் அன்பில் குறைவில்லை. ஆயினும், போட்ட ஊசிக்கு ஏற்ற உணவு கிடைக்காவிட்டால் சர்க்கரை தாழும்; கணக்கில் வராத அல்வா உள்ளே போனால் ஏறும். மறைத்துக் கொடுக்கும் அல்வாவைவிடச் சொல்லிவிட்டுக் கொடுக்கும் அல்வா பாதுகாப்பானது. சொன்னால் அதற்கேற்ப இன்சுலின் அளவைக் கூட்டிக்கொள்ள முடியும்.

உறவினர் வீடுகளில் வரும் மற்றொரு பேச்சை மிகுந்த எச்சரிக்கையோடு எதிர்கொள்ள வேண்டும். இந்த இலையைத் தின்றால் போதும், ஊசியை நிறுத்திவிடலாம் என்று யாரேனும் சொல்வர். முதல் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் குருதியில் கீட்டோன் என்னும் நச்சு அமிலங்கள் பெருகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு ஆகியவை தோன்றும். மருத்துவமனைக்குச் செல்லாவிடில் உயிர் போகும். காய்ச்சலாலோ வாந்தியாலோ குழந்தை உண்ணாதிருக்கும் நாளிலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்துவதில்லை. அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுவர்.

இந்நோயுள்ள கேரளக் குழந்தைகளுக்காக அம்மாநில அரசின் சமூகப் பாதுகாப்பு இயக்கம் நடத்தும் திட்டத்தின் பெயர் 'மிட்டாயி'. நீரிழிவுத் திட்டத்திற்கு இனிப்பின் பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு உள்ளவராகவே இருந்திருக்க வேண்டும்.

சிதறால் மலையில்

மார்த்தாண்டத்திற்கு அருகில் உள்ளது சிதறால் மலை. உச்சியில் ஒரு பெரும்பாறையின் அடியில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கற்கள் பாவிய பாதையில் ஏறிச் செல்ல வேண்டும். உயரம் பெரிதன்று; வெயில்தான் பெரிது. நீரிழிவுள்ள சிறுமி ஒருத்தி தன் குடும்பத்தோடு இம்மலை ஏறும் நாளை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயத்தம் காலை உணவுக்கு முன்பே தொடங்கிவிடும். நடக்கப் போகிற நாளில் காலை இன்சுலினை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அவளுடைய மருத்துவரிடம் ஊரிலிருந்து புறப்படுமுன்பே கேட்டு எழுதி வைத்திருப்பர். ஊசி தொடையில் போடப்படாது. ஏறும்போது தொடைத்தசை வேலை செய்வதால் மருந்து விரைந்து பரவிவிடும். வயிற்றுப் பகுதியில் போடுவர். மலையடிவாரத்தில் விரல்நுனியில் ஒரு துளி குருதி எடுத்துக் குளுக்கோமீட்டரில் சோதிப்பர். அளவு 90க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். 250க்கு மேல் இருந்து கீட்டோனும் காணப்பட்டால் அன்று ஏறுதல் இல்லை. இடைப்பட்ட அளவு என்றால் புறப்படலாம்.

குளுக்கோஸ் பொட்டலம் அவளுடைய பையிலேயே இருக்க வேண்டும். மாமாவின் பையில் இருந்தால் பயனில்லை. மாமா எப்போதும் முதல் ஆளாக உச்சிக்குப் போய்விடுவார். அரைமணிக்கு ஒரு முறை நின்று, நீர் குடித்து, சோதித்து, தேவையானால் ஒரு பிஸ்கட் தின்று மேலே செல்லலாம். இவ்வாறு நிற்பது மற்றவர்களுக்கும் நல்லதே. பாட்டனாரும் அங்கேதான் மூச்சு வாங்கிக்கொள்வார்.

மாத்தூர்த் தொட்டிப்பாலத்திலும் இதே முறைதான். பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், 1960களில் கட்டப்பட்ட பாலம் அது. மேலே நடப்பது எளிது. ஆற்றங்கரைக்கு இறங்கி மீண்டும் படியேறுவதுதான் உடலை வாட்டும். ஏறுவதற்கு முன் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

திற்பரப்பு அருவியில் வேறொரு சிக்கல் உண்டு. குளிர்ந்த நீரில் நிற்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் உடல் நடுங்கும். தாழ்சர்க்கரை வந்தாலும் நடுங்கும். இது எந்த நடுக்கம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. எனவே குளிக்குமுன் ஒரு முறையும், நடுங்கத் தொடங்கியதும் வெளியே வந்து ஒரு முறையும் சோதிக்க வேண்டும். நீரில் தனியே இறங்கக் கூடாது. இன்சுலின் பம்பு பொருத்தியவர்கள், அது நீர் புகாத வகையாக இல்லையெனில், கழற்றி வைத்துவிட்டுக் குளிப்பர். ஒரு மணி நேரத்திற்குள் மீண்டும் பொருத்திக்கொள்வர்.

வெறுங்காலோடு பாறைகளில் நடக்கலாகாது. நீரிழிவு உள்ளவர்களின் காலில் பட்ட சிறு காயமும் கவனிக்கப்பட வேண்டியது.

கடுநோயோடு பயணம் செய்யும் மற்றவர்களின் ஆயத்தமும் இவ்வகையினதே. சிறுநீரகம் செயலிழந்து வாரத்திற்கு மூன்று முறை குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் பாட்டனார், தாம் செல்லும் ஊரின் டயாலிசிஸ் மையத்தில் முன்பே இடம் கேட்டு வைத்தால் கன்னியாகுமரிக் கடலைப் பார்த்து வரலாம். தலசீமியா உள்ள குழந்தையின் பயணத்தை இரண்டு குருதியேற்றங்களுக்கு இடைப்பட்ட நாள்களில் அமைப்பர். அமெரிக்க நடிகர் பால் நியூமன் 1988இல் கடுநோயுற்ற குழந்தைகளுக்கென்றே ஒரு கோடை முகாமைத் தொடங்கினார். மருத்துவர்கள் உடனிருக்க, அங்கே குழந்தைகள் படகோட்டினர், மீன் பிடித்தனர்.

தாழ்சர்க்கரைக்கான தின்பண்டம் பையில் இருப்பதற்காக யாரும் கூச வேண்டியதில்லை. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியமே 2017இல், முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் குளுக்கோஸ் மாத்திரை, பழம், சிற்றுண்டி, நீர் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல இசைவு அளித்தது. தேர்வறைக்குள்ளேயே உரிமை உண்டு எனில் மலைப்பாதையில் உண்பதற்கு என்ன தடை?

மலையேறிய நாளின் இரவு

ஏறி இறங்கியதோடு அந்த நாள் முடிவதில்லை. உழைத்த தசைகள் தாம் இழந்த சர்க்கரையை இரவு முழுவதும் குருதியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டே இருக்கும். மலையேறியதன் விளைவு 24 மணி நேரம் வரைகூட நீடிக்கலாம். பகலில் நன்றாக இருந்த குழந்தைக்கு உறக்கத்தில், யாரும் அறியாமல், சர்க்கரை தாழலாம். இந்நோயில் பெற்றோர் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். ஆகவே படுக்குமுன் ஒரு சிற்றுண்டி கொடுத்து, இரவு ஊசியின் அளவை மருத்துவர் சொன்னபடி குறைத்து, நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு எழுந்து ஒரு முறை சோதிக்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டு மணிக்கு எழுபவர் தாயே. டில்லியில் ஆண்டு முழுவதும் எழுந்தவர் அவரே. விடுமுறைக்கு வந்த வீட்டிலும் அவரே எழுகிறார். குழந்தை அருவியில் ஆடியது, தந்தை கடலில் நீந்தினார், பாட்டி பேரப்பிள்ளைகளைக் கண்டு மகிழ்ந்தார். தாய்க்கு மட்டும் விடுமுறை வரவில்லை. இதற்கும் வழி உண்டு. முதல் இரண்டு நாள் அத்தை அருகில் அமர்ந்து, விரலில் குத்துவது, பட்டையில் துளியை வைப்பது, எண்ணைப் படிப்பது, எண் 70க்குக் கீழே இருந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளலாம். கடினமான வேலையன்று; கைபேசி இயக்கத் தெரிந்தவர் எவரும் கற்கலாம். மூன்றாம் இரவு, கடிகாரத்தை இரண்டு மணிக்கு ஒலிக்க வைத்து அத்தை தம் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். குழந்தையும் அத்தையின் அறையிலேயே படுத்துக்கொள்ளும். அடுத்த அறையில் தாய் விடியும்வரை உறங்குவார்.